பாதியில் நின்ற கோபுரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். அம்மாவின் கால்வீக்கம் வடிந்துவிட்டது. ஸ்பெயினின் செவில் நகரத்தில் அன்று ராத்திரி சாப்பிடும்போது, "அர்கோஸ்ல அப்படி என்னப்பா பார்த்தீங்க, அரைக் கோபுரம்தானே?" என்று கேட்டாய். தூக்கக் கலக்கத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை.

அர்கோஸ் தே லா ஃப்ரொன்தேரா. கடைசிச் சொல்லுக்கு எல்லை என்று பொருள், உனக்கே தெரியும். தெற்கு ஸ்பெயினில், 13ஆம் நூற்றாண்டில் காஸ்தீல் நாட்டுக் கிறிஸ்தவ அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ முஸ்லிம்களிடமிருந்து பிடித்த ஊர். 1492-இல் முஸ்லிம்களின் கிரனாடா அரசு விழும்வரை அந்தப் பக்கமெல்லாம் எல்லைச் சீமைதான். ஆற்றுக்கு மேலே செங்குத்துப் பாறை, விளிம்புவரை வெள்ளை வீடுகள். மசூதி இருந்த இடத்தில்தான் சாந்தா மரியா தேவாலயம் எழுந்தது.

கட்டட வேலையிலேயே காலம் தள்ளியவனுக்குக் கண் சுவரில்தானே போகும்? பக்கத்துச் சந்தில், தேவாலயச் சுவர் வெளியே தள்ளாமலிருக்க, தெருவுக்குக் குறுக்கே கல் வளைவுகளைப் போட்டு எதிர்ப்பக்கம் ஊன்றியிருக்கிறார்கள். முட்டுச்சுவர் கட்ட இடமில்லை. தெருவையும் அடைக்க முடியாது. அதற்கு இப்படி ஒரு வழி! அம்மா வெயிலுக்கு அதன் அடியில்தான் ஒதுங்கி நின்றாள்.

சரி, கோபுரம். 1755 லிஸ்பன் பூகம்பத்தில் சாந்தா மரியாவின் பழைய மணிக்கூண்டு சேதமாகி, புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். நடுவிலேயே காசு தீர்ந்துவிட்டது. உனக்கு அது சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அப்படி நின்ற வீடுகள் என் கணக்கிலும் உண்டு.

சிரிக்க வேண்டியது வேறு. அதே பாறைமேல் கொஞ்சம் தள்ளி சான் பெத்ரோ, அதாவது புனித பேதுரு தேவாலயம். இரண்டில் எது முதன்மையானது என்று ஊரே இரண்டுபட்டு, வழக்கு ரோம்வரை போய், 1764-இல் சாந்தா மரியாவுக்குத் தீர்ப்பானது. தோற்றவர்கள் மரியா பெயரைச் சொல்ல மனமில்லாமல், "புனித பேதுருவே, இறைவனின் தாயே" என்று ஜெபித்தார்களாம். ஊர்க்கதைதான். அம்மா விமானத்திலும் இதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், வளைவு சுவரில் சேருகிற இடத்தைக் கிட்டப் போய்ப் படமெடுத்து அனுப்பு. கல்லுக்கு நடுவே காரை எவ்வளவு கனம் என்று பார்க்கணும். நான் எடுத்ததில் அம்மாவின் குடைதான் தெரிகிறது.

அப்பா