என்ன வாங்கி வரவேண்டும் என்று கேட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மார்ச் இறுதியில் குழந்தைகளுடன் சென்னை வரப்போவதாகவும், டோக்கியோவின் நிஷி கசாயிலிருந்து எனக்கு என்ன வாங்கி வரவேண்டும் என்றும் கேட்டு எழுதியிருந்தீர்கள். உங்கள் பெட்டியில் எனக்காக இடம் ஒதுக்க நினைத்ததே பெரிது. ஆனால் பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான், நான் ஏங்கும் பண்டங்களில் பெரும்பாலானவை விமானம் ஏற முடியாதவை என்பது தெளிவாயிற்று.

முதலில், தேவையில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். மிசோ என்னும் புளித்த சோயா விழுது, சோயா சாஸ், ஜப்பானியக் குழம்புக் கட்டி ஆகியவை இங்கேயே கிடைக்கின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் பணியாற்றும் ஜப்பானியர்களால் அவற்றுக்கு இங்கே ஒரு சந்தை உருவாகியிருக்கிறது. காகி நோ தானேயும் வேண்டாம். 1920-களில் நீகாத்தா மாநிலத்து நாகவோகாவில், உலோக அச்சு ஒன்று தவறுதலாக மிதிபட்டு நசுங்கியதால் அந்தப் பிறை வடிவம் பிறந்ததாகச் சொல்வார்களே, அந்தக் காரமான அரிசித் துணுக்கைத்தான் சொல்கிறேன். அதே நீகாத்தாவைச் சேர்ந்த கமேடா நிறுவனம் இந்திய அரிசி நிறுவனம் ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து, அதை ‘கரி கரி’ என்ற பெயரில் நம் நாட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. 2022-இல் கமேடாவின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவரும் இந்தியாவில் பிறந்தவர் என்பதை அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

என் ஏக்கம் பொட்டலத்தில் அடைபட்ட பண்டங்களைப் பற்றியது அல்ல. நீங்கள் சைவம் என்பதால், உலர்ந்த மீனின் சாறோ இறால் தூளோ சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பொட்டலத்தின் பின்புறத்தையும் பொறுமையாகப் படிப்பீர்கள். அப்படித் தேடித் தேடித்தான், அரிசி, அசுகிப் பயறு, சர்க்கரை, கடற்பாசி ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலான பண்டங்களைச் செய்துவிடுகிற வாகாஷி என்னும் ஜப்பானிய மரபு இனிப்புக் கடைகளுக்கு என்னையும் அழைத்துச் சென்றீர்கள். அங்கே ‘அசனாமா’ என்றொரு வகை உண்டு: காலையில் செய்து, அன்றைக்கே விற்று, அன்றைக்கே உண்ண வேண்டியவை. பூரணம் பொதிந்த டைஃபுகுவும், அரிசி மாவு உருண்டையான டாங்கோவும் அந்த வகைதான். வெந்த அரிசி மாவு நீரை ஏற்று மென்மையாகிறது. ஆறிய பிறகு அதிலுள்ள மாவுச்சத்து மெல்ல மெல்ல இறுகி அந்த நீரை வெளியேற்றிவிடுகிறது. நம் வீட்டுக் கொழுக்கட்டை மறுநாள் விறைத்துப்போவதும் இதனால்தான். குளிர்சாதனப் பெட்டிக்குள் இது இன்னும் விரைவாக நடப்பதால் எடுத்து வைத்து உண்ணவும் வழியில்லை. தொலைதூரம் செல்லும் மோச்சி என்னும் மென்மையான அரிசிப் பண்டங்களில் டிரெஹலோஸ் போன்ற சர்க்கரைகளையும் நொதிகளையும் சேர்த்து மென்மையைக் காப்பாற்றுகிறார்கள். அதன் பின்னுள்ள உழைப்பை மதிக்கிறேன். ஆனால் காலையில் இடித்த மோச்சியில் மணக்கும் அரிசி அவற்றில் இல்லை.

உறைவிப்பான்களில் அடுக்கிய மோச்சியைக் கண்டு ‘அதுதான் இங்கேயே கிடைக்கிறதே’ என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம், எனக்கு உங்களுடன் டோக்கியோவின் முக்கோஜிமாவில் உண்ட சகுரா மோச்சி நினைவுக்கு வருகிறது. 1717-இல், சுமிதா ஆற்றங்கரைச் சோமேஜி கோயிலின் வாயிற்காவலராக இருந்த யாமமோட்டோ ஷின்ரோகு, கரையோரச் செர்ரி மரங்களின் இலைகளை உப்பில் ஊறவைத்து, பூரணம் பொதிந்த இனிப்பை அவற்றில் சுற்றி விற்கத் தொடங்கினார் என்பது அந்தக் கடையின் வரலாறு. இலை பச்சையாக இருக்கும்போது அந்த மணம் வராது. உப்பில் ஊறிய பிறகுதான் கூமரின் என்ற மணப்பொருள் விடுபட்டு மணக்கத் தொடங்குகிறது. இப்போது அந்த இலைகளில் பெரும்பகுதி இசு தீபகற்பத்தின் மட்சுசாகியிலிருந்து வருகிறது. இலையை உரித்துவிட்டு உண்பதா, சேர்த்தே உண்பதா என்று நாம் இருவரும் வாதிட்டோம். சேர்த்தே உண்ண வேண்டும் என்பதுதான் இன்றும் என் கட்சி. இனிப்புக்கு நடுவே அந்த உவர்ப்பு இல்லையென்றால் பூரணம் திகட்டிவிடும்.

வசந்தம் போனால் பெரும்பாலான கடைகளை விட்டுச் சகுரா மோச்சி போய்விடும். மே 5-ஐ ஒட்டி ஓக் இலையில் மடித்த காஷிவா மோச்சி வரும், செப்டம்பரின் சமபகல் நாளுக்கு அசுகி விழுது பூசிய அரிசி உருண்டையான ஒஹாகி வரும், பிறகு கிஃபுவின் நாகட்சுகவா பக்கத்துச் செஸ்நட் இனிப்பு வரும். ஒன்று முடிந்த வருத்தத்தை அடுத்தது வந்து தீர்க்கும் அந்த ஒழுங்கைத்தான் நான் எல்லாவற்றையும்விட அதிகமாக இழந்திருக்கிறேன். இங்கே நான் சென்றுவந்த ஜப்பானிய உணவகங்களில் ஆண்டு முழுவதும் ஒரே உணவுப்பட்டியல்தான். சமையலில் குறையில்லை, காலம்தான் அதில் இல்லை.

ஒனிகிரி என்னும் சோற்றுருண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பிலிட்ட உமேக்காய் வைத்த ஒனிகிரியை நீங்கள் தெருமுனைக் கடையில் நம்பி வாங்குவீர்கள் அல்லவா? சோற்றிலிருந்து நோரி என்னும் உலர்ந்த கடற்பாசித் தகட்டைப் பிரித்துவைத்து, எண்ணிட்ட முனைகளை வரிசையாக இழுத்ததும் இரண்டையும் சேர்த்துவிடும் அந்தத் தாளின் நேர்த்தியை இன்னும் வியக்கிறேன். குளிரில் சோறு விறைக்கும் என்பதால், பாலும் தயிரும் இருக்கும் குளிரில் அதை வைக்காமல் 20 டிகிரியை ஒட்டிய தட்டில்தான் வைப்பார்கள். ஒரு எளிய சோற்றுருண்டைக்கு அவ்வளவு அக்கறை. ஒரு நாளுக்குள் உண்ண வேண்டிய அதையும் நீங்கள் கொண்டுவர இயலாது.

ஆகவே, அக்கா, என் வேண்டுகோள் இதுதான். மேற்கு ஜப்பானின் கான்சாய் முறைச் சகுரா மோச்சிக்கான டோம்யோஜிகோ அரிசிக் குருணை ஒரு பொட்டலம், காற்று நீக்கி அடைத்த உப்பிலிட்ட செர்ரி இலைகள் ஒரு சிறு பை, இனிப்பூட்டிய அசுகி விழுது ஒன்று ஆகிய மூன்றையும் வாங்கி வாருங்கள். குருணை ஏற்கெனவே வேகவைத்து உலர்த்தியது என்பதால் நம் இட்லிப் பானையிலேயே அது வெந்துவிடும். நீங்களும் குழந்தைகளும் வீட்டுக்கு வரும் நாளில் காலையில் செய்து, மாலைக்குள் உண்டுவிடலாம். இடம் மிஞ்சினால் அம்மாவுக்கு யோகான் என்னும் இனிப்புக் கட்டி ஒன்று. சர்க்கரையும் கடற்பாசியும் மிகுந்த அது மாதக்கணக்கில் கெடாது, சென்னை வெயிலையும் தாங்கும். கிளம்புவதற்கு முன் முடிந்தால் ஒருமுறை முக்கோஜிமாவுக்குப் போய் எனக்கும் சேர்த்து உண்டு வாருங்கள்.

விமானத்தின் எண்ணையும் வந்திறங்கும் நேரத்தையும் எழுதுங்கள். மீனம்பாக்கத்துக்கு நானே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை