பைக்கை விற்றவர் பெயரையும் மாற்றிக் கொடுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய பைக்குகள் என்ன விலைக்குப் போகின்றன, எந்த மாடலுக்குக் கிராக்கி என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். விலை விவரமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாங்கிய பிறகு ஆகும் செலவைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. பெயர் மாற்றம் என்ற பேச்சையே காணோம். அதனால்தான் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் விண்ணப்பங்களை ஆன்லைனில் போட்டுக்கொடுப்பதில்தான் பாதி வருமானம். பைக் ஓட்ட எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பைக்கின் காகிதங்களைக் கையில் வாங்கினால் அந்த வியாபாரம் எப்படி நடந்திருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

போன மாதம் முன்னீர்பள்ளத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். கட்டட வேலைக்குப் போகிறவன். 2017 மாடல் ஸ்பிளெண்டரை ஒரு கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கடையில், 41,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான். நாற்பத்தைந்து சொன்னதை நாலாயிரம் குறைத்துவிட்டோம் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். பிளாஸ்டிக் கவரிலிருந்து ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றையும் ஒரு ஆதார் ஜெராக்ஸையும் பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபார்ம்களையும் எடுத்து மேசையில் வைத்தான். இரண்டு ஃபார்மிலும் விற்றவரின் கையெழுத்து மட்டும் இருந்தது. தேதி, வாங்குபவர் பெயர், விலை எல்லாம் காலி. "கையெழுத்தெல்லாம் கன்சல்டிங் அண்ணாச்சியே வாங்கித் தந்துட்டாவ அக்கா, பேரு மட்டும் மாத்தணும்" என்றான். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் யார் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. கன்சல்டிங்குக்குப் போன் போட்டான். அந்த அண்ணாச்சிக்கும் தெரியவில்லை. அவர் வேறொருவரிடம் வாங்கியிருக்கிறார், அந்த வேறொருவர் முதல் ஓனரிடம் வாங்கியிருக்கிறார். முதல் ஓனர் சென்னைக்குக் குடிபோய்விட்டாராம். விண்ணப்பம் போடும்போது ஓ.டி.பி. ஆர்.சி.யில் பதிவான எண்ணுக்குத்தான் போகும். அந்த எண்ணை அழைத்தால் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

சரி, ஆளைக் கண்டுபிடிக்கும்வரை செலவுக் கணக்கையாவது பார்ப்போம் என்று ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். பைக்கின் பெயர் மாற்றத்துக்கு மத்திய மோட்டார் வாகன விதிப்படி கட்டணம் வெறும் 150 ரூபாய். ஸ்மார்ட் கார்டுக்கு 200. மாநிலத்தின் சேவைக் கட்டணமும் தபால் செலவும் தனி. இன்சூரன்ஸ் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரை உள்ள பைக்குக்கு ஒரு வருட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்) 714 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்தால் 842. ஓட்டுபவருக்கான விபத்துக் காப்புக்கு இன்னொரு முன்னூறு சொச்சம். புகைச் சான்றிதழ். அப்புறம் பின்டயர், செயின் ஸ்பிராக்கெட், பேட்டரி என்று பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னது நாலாயிரத்துக்கு மேல். எல்லாம் சேர்த்து ஆறாயிரத்தைத் தாண்டியது. புரோக்கர் வைத்தால் அவருக்கு இரண்டாயிரமோ இரண்டாயிரத்து ஐந்நூறோ தனி. பேரம் பேசிக் குறைத்த நாலாயிரம் போன இடம் தெரியவில்லை.

கடன் கணக்கு இதில் வரவே இல்லை. நாற்பத்தொன்றில் முப்பதாயிரத்தை ஃபைனான்ஸில் வாங்கியிருந்தான். மாதம் இரண்டு ரூபாய் வட்டி, இருபத்துநாலு தவணை, தவணைக்கு 1,850. பார்ப்பதற்கு ஊரில் கைமாற்று வாங்கும் வட்டிதான். ஆனால் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தானே கட்டுகிறான்? கடைசி மாதத்திலும் முழு முப்பதாயிரத்துக்கு வட்டி போடுகிறார்கள். குறைகிற அசலுக்குக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு நாற்பது சதவீதத்தைத் தாண்டுகிறது. வட்டி மட்டும் 14,400. இதை அவனிடம் சொன்னபோது, "அப்ப பைக்கு ஐம்பத்தஞ்சுக்கு மேலயா அக்கா?" என்றான். மேலதான் தம்பி. இன்னும் ஓர் ஆறாயிரத்தைச் சேர்த்துக்கொள்.

காலியான ஃபார்மில் கையெழுத்து வாங்கிக் கைமாற்றி விடுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய வியாதி என்பேன். ஒவ்வொரு கைக்கும் பெயர் மாற்றினால் ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை ஏறும், விலை இறங்கும். அதனால் நடுவில் எத்தனை கை மாறினாலும் காகிதத்தில் 'சிங்கிள் ஓனர்' என்றே இருக்கும். வாங்குகிறவருக்கு இது அலைச்சல். விற்றவருக்கோ ஆபத்து.

மேலச்செவலைச் சேர்ந்த ஒரு பெரியவர் சம்மன் ஒன்றை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். விற்றுப் பணம் வாங்கி, பேத்தி கல்யாணத்தில் செலவழித்தும் முடித்த பைக் அது. எவரோ ஓட்டிப்போய் ஒருவர்மேல் மோதியிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் இல்லை. நஷ்டஈடு வழக்கில் எதிர்மனுதாரராக இவர் பெயர். "நான்தான் வித்துட்டேனே, எழுதிக்கூட வாங்கியிருக்கேனே" என்று ஒரு வெள்ளைத்தாளைக் காட்டினார். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் பார்வையில் ஓனர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையது. அந்த வெள்ளைத்தாள் வக்கீலுக்கு உதவலாம், பெரியவரைக் காப்பாற்றுமா என்றால் சந்தேகம்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். விற்றவர் தெரிவிக்க வேண்டும் என்பதே இங்கே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இன்சூரன்ஸும் அப்படித்தான். அதையும் வாங்கியவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். ஃபுல் கவர் (நம் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்த இன்சூரன்ஸ்) பாக்கி இருக்கிறது என்று சொல்லி விற்பார்கள், பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே கிடக்கும். வண்டி சேதமானால் கம்பெனி கையை விரித்துவிடும். நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு தள்ளுபடி உண்டே, அது ஆளோடு போவது. வண்டியோடு வராது.

இறந்துபோன அப்பா பெயரில் உள்ள பைக்கை மகன் விற்பதும் நிறைய நடக்கிறது. வாரிசுச் சான்றிதழோடு 31-ம் ஃபார்ம் கொடுத்து முதலில் தன் பெயருக்கு மாற்றிவிட்டு விற்பதுதான் முறை. மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பதிலாக அப்பாவின் கையெழுத்தை இவர்களே போட்டுக்கொண்டு வருவார்கள். அந்த மாதிரி விண்ணப்பத்தை என் கடையில் போடுவதில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. தாமிரபரணி கரை மீறி, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. அன்றைக்கு வாசலில் நின்ற பைக்குகளில் எத்தனை முழுகியிருக்கும்! தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. பலர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த வண்டிகள் எங்கே போயின? கழுவி, பாலிஷ் போட்டு, புது சீட் கவர் மாட்டி நம் ஊரிலேயே விற்றிருக்கிறார்கள். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஒரு நாள் அப்படி ஒன்றைக் காட்டினார்கள். வெளியே பளபளவென்று இருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் மூலையில் காய்ந்த வண்டல், தொட்டால் விபூதி மாதிரி விரலில் ஒட்டியது. ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளேயும் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. "கழுவுறவன் கை இங்கெல்லாம் போகாதும்மா" என்றார் மெக்கானிக். வாங்கியவர் வயரிங்கை மாற்றியே நொந்துபோனாராம். சீட்டைத் தூக்கிப் பார்க்கவும், ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்கவும் விடாத இடத்தில் வாங்கவே வேண்டாம்.

செங்கோட்டை வழியாக வரும் கேரளா நம்பர் வண்டிகளில் ஐந்தாறாயிரம் குறைகிறதே என்று ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும். அதையும் சேர்த்தால் குறைந்தது என்னவோ! யமஹா ஆர்எக்ஸ் 100 பித்துப் பிடித்த பையன்களிடம் பேசிப் பயனில்லை. 1996-லேயே உற்பத்தி நின்ற வண்டிக்குப் புது பைக் விலை கேட்கிறார்கள், இவர்களும் கொடுக்கிறார்கள். இருபது வருடம் தாண்டிய பைக்கின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்டிலிருந்து 2,000 ரூபாய், பசுமை வரி தனி. இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று மட்டுமாவது பாருங்கடா என்பேன்.

பழைய பைக் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்ற விடியற்காலையில் கிளம்புகிறவருக்கும், பீடிக்கடைக்கும் ரேஷன் கடைக்கும் போக வர ஒரு வண்டி போதும் என்கிற குடும்பத்துக்கும் லட்ச ரூபாய் புது பைக் எதற்கு? நம் மாநிலத்தில் புது பைக்குக்கு ஆயுள் வரியே விலையில் பத்து சதவீதம், லட்சத்தைத் தாண்டினால் பன்னிரண்டு. அதை முதல் ஓனர் கட்டி முடித்துவிட்டார். இங்கேயே வாங்கினால் திரும்பக் கட்ட வேண்டியதில்லை, இது நல்ல லாபம். ஆனால் ஒன்று, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை புது பைக்குக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகிவிட்டது. புதுசு இறங்கினால் பழசும் இறங்க வேண்டும். பழைய ஷோரூம் விலையைச் சொல்லி அதிலிருந்து கழித்துக் காட்டுகிற அண்ணாச்சிகள் இன்னும் இருக்கிறார்கள்.

எல்லாக் கன்சல்டிங்கும் அப்படியில்லை. விற்றவரையும் வாங்கியவரையும் ஒரே நாளில் என் கடைக்கு அழைத்துவந்து உட்காரவைத்து, டெலிவரி நோட்டில் தேதியோடு 'மாலை 4.40' என்று மணியையும் எழுதி, புது ஆர்.சி. வரும்வரை விற்றவருக்கான பணத்தில் மூவாயிரம் ரூபாயைப் பிடித்துவைத்துக் கொடுக்கிறவர் ஒருவர் வண்ணார்பேட்டையில் இருக்கிறார். அவர் கடையில் விலை ஆயிரம் இரண்டாயிரம் கூடத்தான் இருக்கும். என் தம்பிக்கு அங்கேதான் வாங்கிக் கொடுத்தேன்.

இதற்கு விதியும் வந்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் 29பி என்ற அங்கீகாரச் சான்றிதழ் வாங்கலாம். வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை 29சி ஃபார்மில் ஆன்லைனில் தெரிவித்துவிட்டால் அதன் பொறுப்பு அந்த வியாபாரியுடையது ஆகிவிடும். மேலச்செவல் பெரியவருக்கு வந்த நிலைமை வராது. நம் ஊரில் அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கும் கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. போக்குவரத்து அதிகாரிகள் இதில் கொஞ்சம் கறார் காட்ட வேண்டும். நாங்குநேரி, அம்பாசமுத்திரம், ராதாபுரம் என்று தாலுகாதோறும் பெயர் மாற்றத்துக்கென்று முகாம் போட்டால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வர முடியாமல் தள்ளிப்போடுகிறவர்கள் வருவார்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வரி விளம்பரப் பகுதியில் வரும் பழைய பைக் விளம்பரங்களில் மாடலும் போன் நம்பரும்தான் இருக்கின்றன. ஆர்.சி.யில் உள்ளவர்தான் விற்கிறாரா, ஆர்.சி. எந்த வருடம் வரை, இன்சூரன்ஸ் எந்த மாதம் வரை, பெயர் மாற்றச் செலவு யாருடையது என்ற நாலு விவரத்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். இடம் போதாது என்றால் 'அருமையான கண்டிஷன்' என்பதை எடுத்துவிடலாம். எல்லா விளம்பரத்திலும் அதுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை வாசகி,
பாளையங்கோட்டை.