செவ்வாய்க்கிழமையில் சம்பளம் வருவதில்லை: குழுக் கடன் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

குழுக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களின் கிளை மேலாளர்களுக்கும், அவர்களுக்கு மேலே உட்கார்ந்து இலக்கு நிர்ணயிப்பவர்களுக்கும்,

வணக்கம். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் லைனில் வேலை செய்கிறேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கையில் 9,800 ரூபாய் வரும். சம்பளம் மாதம் 7-ஆம் தேதி, சில மாதம் 9 கூட ஆகும். உங்களில் மூன்று நிறுவனங்களிடம் ஒரே நேரத்தில் கடன் வைத்திருந்தவள் நான். இரண்டை அடைத்துவிட்டேன், இன்னும் ஒன்றில் மட்டும் 3 தவணை பாக்கி. கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி இதை எழுதவில்லை. வாங்கியதைக் கட்டுவேன். எந்த நாளில் கட்டுவது என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதல் கடன் 40,000. 2023 நவம்பரில் வீட்டு அட்வான்சுக்கும் பிள்ளைகள் செலவுக்கும் வாங்கினேன். வாரம் 490 ரூபாய், 104 வாரம். அப்போது என் வீட்டுக்காரர் தோல் தொழிற்சாலையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். இருவர் வருமானமும் சேர்ந்து 20,000 வரும், சிரமம் தெரியவில்லை. 2024 மார்ச்சில் லாரியிலிருந்து விழுந்து அவருடைய தொடை எலும்பு முறிந்தது. பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இ.எஸ்.ஐ.க்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று இப்போது சொல்கிறவர்கள் யாரும் அந்த இரவில் பக்கத்தில் இல்லை. பிளேட் வைக்க இரண்டாவது கடன் 50,000, மாதம் 2,650. அந்த இரண்டுக்கும் தவணை கட்ட முடியாமல் ஜூலையில் மூன்றாவதாக 30,000 வாங்கினேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 735. கடனைக் கட்டக் கடன் வாங்குவது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியாமலில்லை. வாசலில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்ததெல்லாம் உதவாது.

மூன்று கடனும் ஒன்றாக ஓடிய நாட்களில், நான்கு வாரத் தவணை வரும் ஒரு மாதக் கணக்கைச் சொல்கிறேன். சம்பளம் 9,800, மகளிர் உரிமைத் தொகை 1,000, ஆக 10,800. உங்கள் மூவருக்கும் 6,080. வீட்டு வாடகை 2,000. மீதி 2,720 ரூபாயில் நான்கு பேர். ரேஷன் அரிசிக்குக் காசில்லை. துவரம் பருப்பு 30, பாமாயில் 25, இரண்டு கிலோ சர்க்கரை 50 என்று 105 ரூபாயில் ரேஷன் முடிந்துவிடும். வீட்டுக்காரர் மாத்திரைக்கு 400. ஒரு சிலிண்டரை மூன்று மாதம் இழுத்தால் மாதத்துக்கு 280. கரண்டுக்கு 250. அரசாங்கம் 100 யூனிட் இலவசம் என்கிறது, ஆனால் சப் மீட்டரில் ஓடும் வாடகைக்காரருக்கு முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய்தான். எல்லாம் போக 1,685. ஒரு நாளைக்கு 56 ரூபாய். அதில்தான் காய், பால், சோப்பு, மகளின் நோட்டு, திடீரென்று வரும் காய்ச்சல் எல்லாம்.

சின்னவன் மூன்றாம் வகுப்பு, காலைச் சாப்பாடும் பள்ளியில் கிடைத்துவிடும். பெரியவள் எட்டாம் வகுப்பு. காலைத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால் பழைய சோறுதான், மதியம் சத்துணவு. கம்பெனி பஸ் இருப்பதால் போக்குவரத்துச் செலவு இல்லை. ஞாயிறன்று அம்மா வீட்டுக்குப் போனால் மகளிருக்கான இலவச டவுன் பஸ். ஊருக்குள் பிரியாணிக் கடை வாசலில் பஸ் நிற்கும், மகன் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பாமல் இருக்கப் பழகிக்கொண்டான். அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ரேஷனும் பஸ்ஸும் பள்ளிக்கூடச் சோறும் இல்லையென்றால் உங்களுக்கு ஒரு தவணைகூட வந்திருக்காது. ஒருவகையில் உங்கள் வசூலுக்கு முட்டுக் கொடுத்து நிற்பது ரேஷன் கடைதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை. உங்கள் வசூல் வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை. சம்பளம் வந்த முதல் செவ்வாய் கட்டிவிடுவேன், இரண்டாவதும் சமாளிப்பேன். மூன்றாவதில் அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தது வெளியே வரும். நான்காவதில் கைமாத்து. ஐந்து செவ்வாய் வருகிற மாதம் ஒன்று உண்டே, அந்த மாதக் காலண்டரைக் கிழிக்கவே கை வராது. 490 ரூபாய்க்காகப் பத்து வட்டிக்காரரிடம் 500 கேட்டால், 50-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 450 தருவார். மீதி 40-க்குப் பக்கத்து வீடு. உங்கள் வட்டி நூற்றுக்கு ஆண்டுக்கு 24 என்று கார்டில் இருக்கிறது. அந்த வட்டியை நேரத்துக்குக் கட்டுவதற்காக மாதத்துக்கு 10 வட்டியில் நான் வாங்கியது எந்தக் கார்டிலும் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் நான் ஒரு வாரம்கூடத் தவறாத நல்ல வாடிக்கையாளர். என் பித்தளை அண்டா இரண்டு முறை அடகுக்குப் போய் வந்தது.

நேரமும் இப்படித்தான். காலை 7 மணிக்கு சென்டர் மீட்டிங், குழுக்காரர்கள் கூடிப் பணம் கட்டும் கூட்டம். கம்பெனி பஸ் 7.40-க்கு. ஒருத்தி பணம் கொண்டுவரவில்லை என்றால் எல்லோரும் உட்கார வேண்டும். பஸ் போய்விட்டால் அரை நாள் சம்பளம் போச்சு. கடனைக் கட்டவென்று வேலைக்குப் போகிறவளை வேலைக்கே போகவிடாமல் உட்காரவைக்கும் வசூல் முறையை யார் கண்டுபிடித்தார்களோ!

என் மகள் போனில் தேடிப் படித்துக் காட்டிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. நுண்கடன், அதாவது எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்கும் இந்தச் சிறு கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது, அந்த ஏப்ரல் 1-ல் அது நடைமுறைக்கு வந்தது. கடனாளியின் தேவைக்கேற்பத் தவணைக் காலத்தை அமைத்துக்கொள்ள ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் கேட்பது சலுகையே இல்லை, உங்கள் அலமாரியில் ஏற்கெனவே இருக்க வேண்டிய காகிதம். இதை எழுதி எடுத்துக்கொண்டு இரண்டு கிளைகளுக்குப் போனேன். 50,000 கொடுத்த இடத்தில் மேலாளர் படித்துப் பார்த்துவிட்டு, மாதம் 28-ஆம் தேதி இருந்த தவணையை 10-க்கு மாற்றிக்கொடுத்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம். 40,000 கொடுத்த இடத்தில், "சிஸ்டம் ஏத்துக்காதும்மா" என்றார்கள். ஒரு சிஸ்டம் ஏற்றுக்கொண்டதை இன்னொரு சிஸ்டம் ஏன் ஏற்றுக்கொள்ளவில்லை என்று கேட்டேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். 104 வாரமும் செவ்வாய்க்கிழமையே கட்டி முடித்தேன், மொத்தம் 50,960.

அதே வழிகாட்டுதலில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அப்புறம் எனக்கு மூன்றாவது கடன் எப்படிக் கிடைத்தது? என் வருமானத்தில் பாதி 4,900. முதல் இரண்டு கடனுக்கே 4,610 போய்க்கொண்டிருந்தது. படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தால் குடும்ப வருமானம் மாதம் 25,000 என்று இருக்கிறது. வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருந்த மாதம் அது. எழுதியது நான் அல்ல, கையெழுத்து மட்டும் என்னுடையது. 25,000-ஐ 12-ஆல் பெருக்கினால் சரியாக 3 லட்சம். நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானத்துக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பும் அதே 3 லட்சம்தான். உரிமைத் தொகை வாங்க ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆக, அரசாங்கத் தாளில் நான் ஏழை, உங்கள் தாளில் வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும் வசதிக்காரி. இரண்டு தாளும் என் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

அடுத்து எழுதப்போவது எனக்கே வெட்கமான சங்கதி.

எங்கள் குழுவில் ஐந்து பேர். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் பங்கு போட வேண்டும். ஆளுக்கு 122 ரூபாய் 50 காசு, சில்லறை இல்லையென்று 125 ஆகிவிடும். எங்கள் தெருவிலேயே இருந்த ஓர் அக்கா மூன்று வாரம் தவறினார். என் பிரசவத்தின்போது எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் அவர். "நீங்க போய் உக்காந்தா குடுத்துடுவாங்க, நாங்க போனாத்தான் பிரச்சினை" என்று வசூலுக்கு வந்த தம்பி சொன்னார். நானும் இன்னொருத்தியும் போய் அந்த அக்கா வாசலில் உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம். உள்ளே விளக்குப் போடவில்லை. அவருடைய சின்ன மகள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அம்மா இல்ல அத்தை" என்றது. உள்ளே இருமல் சத்தம் கேட்டது. நான் தண்ணீரைக் குடித்தேன். எழுந்து போகவில்லை. இரண்டு நாளில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அந்தத் தவணைகளைப் பிறகு நாங்கள்தான் கட்டினோம். அது போகட்டும். கடனாளியின் உறவினர், நண்பர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்றெல்லாம் விதி போட்டிருக்கிறார்கள். நண்பரையே வசூலுக்கு அனுப்பினால் அது எந்த விதியில் வரும்?

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் வலுக்கட்டாயமாகக் கடன் வசூலிப்பதைத் தடுக்க ஒரு சட்டம் நிறைவேற்றியது, 3 ஆண்டு வரை சிறை என்றார்கள். நல்லதுதான். ஆனால் அந்த வசூல் தம்பியை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு ஆசையில்லை. டிகிரி படித்த பையன், திருவண்ணாமலைப் பக்கம் ஊர். ஒரு செவ்வாயன்று கணக்கு 200 ரூபாய் இடித்தபோது தன் பர்சிலிருந்து போட்டு மூடியதைப் பார்த்தேன். அவனுக்கும் மேலே ஒரு போன், அந்தப் போனுக்கு மேலே இன்னொரு போன். இந்த மடல் அந்தக் கடைசிப் போனில் பேசுகிறவருக்கு.

டி.வி.எஸ். வண்டியை விற்று 2024 டிசம்பரில் அந்த 30,000 கடனை முன்கூட்டியே அடைத்தேன். முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை என்பதும் விதிதான், அதையும் நான்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. கடன் முடிந்த சான்று கேட்டு நான்கு முறை நடந்தேன். ஆனால் அடைத்த மறுநாளே, "உங்களுக்கு 60,000 அப்ரூவ் ஆகியிருக்கு அக்கா" என்று போன் வந்தது. ஒருவருக்கு மூன்று நிறுவனம், மொத்தம் 2 லட்சத்துக்கு மேல் கூடாது என்று உங்கள் சங்கமே வரம்பு வகுத்திருக்கிறது. 9,800 சம்பளக்காரிக்கு 2 லட்சம் வரம்பு என்பது கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாமல் ஆழத்தை எழுதி வைப்பது மாதிரி. எழுதவேண்டியது வருமானம், அதுவும் நாங்கள் சொல்கிற வருமானம்.

இனி கடன் கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: "உங்களுக்கு எந்தத் தேதியில் கையில் பணம் வரும்?" ஷூ கம்பெனிக்காரி 10 என்பாள். வாரக் கூலிக்காரி ஞாயிறு என்பாள், அவளுக்கு வாரத் தவணைதான் வசதி. பால் ஊற்றுகிறவள் சொசைட்டி பட்டுவாடா நாளைச் சொல்வாள். அந்தத் தேதியைக் கார்டில் எழுதிவிட்டு அன்று வாருங்கள்.

என்னுடைய அடுத்த தவணை 10-ஆம் தேதி. 2,650 ரூபாயை எண்ணி உறையில் போட்டு வைத்துவிட்டேன். வேலை முடிந்து ஐந்தே காலுக்கு வீட்டில் இருப்பேன். போன மாத ரசீதைத் தம்பி கொடுக்க மறந்துவிட்டார், வரும்போது அதையும் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆம்பூரிலிருந்து ஒரு குழு உறுப்பினர்