போதைக் கும்பல் தலைவர்களின் தொடர்கள்: விமர்சனத்தில் விடுபடும் பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிடியில் பார்க்க வேண்டிய தொடர்கள் என்று நம் நாளிதழ்கள் போடும் பட்டியல்களில், போதைக் கும்பல் தலைவன் ஒருவன் எழுந்து விழும் கதைக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. நடிப்புக்கு மதிப்பெண் போடுகிறார்கள், ஒளிப்பதிவுக்குப் போடுகிறார்கள், இசைக்கும் போடுகிறார்கள். எந்த ஊரில், யார் வீட்டில் நடந்த கதை, அதில் நடந்தது எவ்வளவு, எழுதிச் சேர்த்தது எவ்வளவு என்பதற்கு ஒரு வரி ஒதுக்குவதில்லை. கொலம்பியாவின் போதைக் கும்பல் தலைவர் பாப்லோ எஸ்கோபாரின் கதையைச் சொல்லும், நம் இளைஞர்கள் அதிகம் பேசும் ‘நார்கோஸ்’ தொடரை மட்டும் வைத்து இதை விளக்குகிறேன். பத்திரிகைக்கு எழுதும் கடிதம் என்பதால் ஒரு பத்திரிகை அலுவலகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1982 தேர்தலில் பாப்லோ எஸ்கோபார் கொலம்பிய நாடாளுமன்றத்துக்கு மாற்று உறுப்பினராக, அதாவது உறுப்பினர் இல்லாதபோது அவருக்குப் பதிலாக அமர்பவராகத் தேர்வானார். ஏழைகளுக்கு வீடு கட்டித் தருபவர், விளையாட்டு மைதானங்களுக்கு விளக்குப் போட்டுத் தருபவர் என்று பெயர் வாங்கியிருந்தார். தலைநகர் பொகோட்டாவில் வெளிவந்த ‘எல் எஸ்பெக்டடோர்’ நாளிதழின் ஆசிரியர் கியேர்மோ கானோவுக்கு அந்த முகத்தை எங்கோ பார்த்த ஞாபகம். பழைய இதழ்களைப் புரட்டித் தேடச் சொன்னார். 1976 ஜூன் மாத இதழ் ஒன்றில் அது அகப்பட்டது. 39 பவுண்டு கொக்கைனோடு பிடிபட்ட ஆறு பேர் பற்றிய செய்தி, கூடவே படங்கள். அவர்களில் ஒருவர்தான் இந்த மக்கள் பிரதிநிதி. 1983 ஆகஸ்ட் 25 அன்று அந்தப் பழைய செய்தியை கானோவின் பத்திரிகை மறுபடி அச்சிட்டது. எஸ்கோபாரின் ஊரான மெடெயின் நகரில் கடைக்கு வந்த பிரதிகளை அவருடைய ஆட்கள் கட்டுக் கட்டாக வாங்கி மறைக்கப் பார்த்தார்கள். பயனில்லை. சில மாதங்களில் அவருடைய அரசியல் வாழ்க்கை முடிந்தது.

அவருடைய வீழ்ச்சி தொடங்கிய இடம் இதுதான். ‘நார்கோஸ்’ முதல் பருவத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், எஸ்கோபாரின் அரசியல் ஆசையை முறியடிக்க ஆதாரம் தேடி அலைபவர்கள் மர்ஃபி, பேன்யா என்ற இரண்டு அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள். இருவரும் உண்மையில் இருந்தவர்களே. ஆனால் பேன்யா கொலம்பியாவுக்குப் பணிக்கு வந்தது 1988-இல், மர்ஃபி வந்தது 1991-இல். 1983-இல் அவர்கள் அந்த நாட்டிலேயே இல்லை. தன் பத்திரிகையின் பழைய பக்கங்களை நம்பிய ஒரு கொலம்பிய ஆசிரியரின் வேலையைப் பிடுங்கி, எட்டு வருடம் கழித்து வந்தவரிடம் கொடுத்திருக்கிறார்கள். திரைக்கதைக்கு வசதி என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அந்த வேலைக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர் கானோ. 1986 டிசம்பர் 17 அன்று இரவு அலுவலகத்திலிருந்து காரில் கிளம்பியவரை வாசலுக்குச் சற்றுத் தள்ளி மோட்டார் சைக்கிளில் வந்த கூலிப்படையினர் சுட்டுக் கொன்றார்கள். 1989 செப்டம்பர் 2 அன்று அதே பத்திரிகையின் கட்டடத்தை லாரி குண்டு வைத்துத் தகர்த்தார்கள். மறுநாள் இதழ் வந்தது. ‘தொடர்ந்து முன்னே செல்கிறோம்’ என்பது தலைப்புச் செய்தி. யுனெஸ்கோ ஆண்டுதோறும் தரும் உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பரிசு இன்றும் கானோவின் பெயரில்தான் இருக்கிறது. எஸ்கோபார் கதை வரும் முதல் இரண்டு பருவங்களையும் விடிய விடியப் பார்த்து முடித்த ஒருவரிடம் கானோ யார் என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்திருக்காது.

இந்தத் தொடர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது: உண்மைச் சம்பவங்களால் உந்தப்பட்டது, சில பாத்திரங்களும் சம்பவங்களும் கற்பனை என்று. எவை கற்பனை என்று எங்கும் குறிப்பிடுவதில்லை. நடித்த காட்சிக்கு நடுவே பழைய செய்திப் படத் துண்டுகளைச் செருகுகிறார்கள். உண்மையான சவ ஊர்வலம், உண்மையான குண்டுவெடிப்பு. அவற்றின் நம்பகம் அடுத்து வரும் எழுதிய காட்சிக்கும் ஒட்டிக்கொள்கிறது. முதல் பருவத்தில், எஸ்கோபாரைப் பிடிக்க அமைத்த தேடுதல் படையை நடத்தும் கர்னல் காரியோ என்று யாரும் இருந்ததில்லை, பலரைச் சேர்த்துச் செய்த பாத்திரம் அது. உண்மையில் படையை நடத்திய கர்னல் ஊகோ மார்ட்டினெஸின் பெயர் இரண்டாம் பருவத்தில்தான் வருகிறது. இதெல்லாம் போதாதென்று, முழுக் கதையையும் மர்ஃபியின் ஆங்கிலக் குரல் சொல்லிக்கொண்டே போகிறது. எஸ்கோபாராக நடித்த வாக்னர் மௌரா பிரேசில்காரர். இந்தப் பாத்திரத்துக்காகவே ஸ்பானிய மொழி படித்தவர், நல்ல நடிகர். ஆனாலும் மெடெயின் பக்கத்துப் பேச்சு அவர் வாயில் வரவில்லை என்று கொலம்பியர்கள் முதல் நாளே சொன்னார்கள். திருநெல்வேலிக்காரர் பாத்திரம் வேற்று மொழி வாசனையோடு தமிழ் பேசினால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான்.

பருவக் கணக்கையும் பாருங்கள். முதல் பத்து அத்தியாயங்களில், எஸ்கோபார் கடத்தலில் இறங்கியதிலிருந்து 1992 ஜூலையில் லா கத்தெட்ரால் சிறையை விட்டுத் தப்புவது வரை பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட காலம் ஓடிவிடுகிறது. அடுத்த பத்து அத்தியாயங்கள் முழுவதும் அதற்குப் பிந்திய பதினாறு மாதங்கள் மட்டுமே. வீழ்ச்சியை இவ்வளவு விரிவாகக் காட்டுகிறார்களே, இது எச்சரிக்கைதானே என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அனுதாபம் உண்டாவதே அங்கேதான். பணம் போய், கூட்டாளிகள் போய், ஒளிந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருக்கும் தகப்பனை மணிக்கணக்காகப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது எந்த மனதும் இளகும். அதே மாதங்களில்தான் பொகோட்டாவில் 1993 ஜனவரி 30 அன்று கார் குண்டு வெடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். ஏப்ரல் 15 அன்று ஒரு வணிக வளாகம் அருகே இன்னொன்று வெடித்தது. அந்த மனிதர்களின் வீட்டுக்குள் கேமரா எத்தனை நிமிடம் போனது என்று கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு எழுதினால் விமர்சனம் வேறு மாதிரி இருக்கும்.

இறுதிக் காட்சி எல்லோருக்கும் தெரியும்: ஓட்டுக் கூரை, துப்பாக்கிச் சூடு, கீழே விழுந்த உடல். அந்தக் கூரை வரை படையைக் கொண்டுவந்து சேர்த்தது, எஸ்கோபார் தொலைபேசியில் பேசும்போது எழும் வானொலி அலையைப் பின்தொடரும் பொறுமையான வேலை. ஒரே கருவியால் அலை வரும் திசை மட்டும்தான் தெரியும், தூரம் தெரியாது. அதனால் நகரைச் சுற்றியுள்ள உயரமான இடங்களில் இரண்டு மூன்று கருவிகளை வைத்து, ஒவ்வொன்றும் காட்டும் திசையை வரைபடத்தில் கோடாக இழுத்து, கோடுகள் வெட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு டிகிரி பிசகினால் போதும், ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் அது 175 மீட்டர் பிழையாகிவிடும். மெடெயின் போல வீடுகள் நெருங்கிய ஊரில் அந்த இடைவெளிக்குள் நூறு கதவுகள் இருக்கும். சுற்றிலும் மலை என்பதால் அலை மோதித் திரும்பி இல்லாத திசையைக் காட்டும். பேசுகிறவர் ஓடும் டாக்சியில் இருந்தபடி பேசுவார், நடுவில் அலைவரிசையை மாற்றுவார், சுருக்கமாக முடித்துக்கொள்வார். இந்தக் கருவியை வேனில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றியவர் கர்னல் மார்ட்டினெஸின் மகன், ஒரு லெஃப்டினன்ட். அவர் காட்டிய இடங்களில் படை புகுந்து ஏமாந்து திரும்பியது பலமுறை. உடன் இருந்தவர்களே அவரை நம்பாத நாட்கள் இருந்தன. 1993 டிசம்பர் 2, எஸ்கோபாரின் 44-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள். பத்திரிகையாளர் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு மகனிடம் பதில் சொல்லிக்கொண்டிருந்ததில் பேச்சு நீண்டுவிட்டது. லோஸ் ஒலிவோஸ் பகுதியில் ஒரு மாடி வீட்டின் ஜன்னலில், தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றவரை லெஃப்டினன்ட் வேனிலிருந்து நேரில் பார்த்தார். அதற்குப் பிறகுதான் துப்பாக்கி. தொடரிலும் இந்த வேலை வருகிறது. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களின் தோல்வியும் சலிப்பும் அதற்குரிய அளவில் வருவதில்லை. பார்ப்பவர் மனதில் தங்குவது கூரைதான்.

இதே கதையை கொலம்பியர்களே 2012-இல் எடுத்தார்கள். கரகோல் தொலைக்காட்சியின் அந்த நெடுந்தொடரைத் தயாரித்தவர்கள் இருவர். காமிலோ கானோ, கொல்லப்பட்ட ஆசிரியரின் மகன். குவானா உரிபே, 1989 ஆகஸ்டில் பிரசார மேடையில் சுட்டுக் கொல்லப்பட்ட அதிபர் வேட்பாளர் லூயிஸ் கார்லோஸ் கலானின் உறவினர். குவானாவின் தாயையே எஸ்கோபாரின் ஆட்கள் கடத்தி மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். இந்தத் தயாரிப்பாளர்கள் செய்த ஒரு முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். கலான், கானோ, நீதி அமைச்சர் லாரா போனியா ஆகியோரின் சொந்தப் பெயர்களை அப்படியே வைத்துவிட்டு, கடத்தல்காரர்கள் பலருடைய பெயர்களை மாற்றினார்கள். ஒச்சோவா சகோதரர்கள் அதில் மொத்தோவா ஆனார்கள். தன் வரலாறு தெரியாதவர் அதையே மறுபடி வாழ நேரும் என்ற வாசகத்தோடு ஒவ்வொரு அத்தியாயமும் தொடங்கும். ஆனாலும் அந்தத் தொடர் ஓடிய நாட்களிலேயே மெடெயினின் ஏழைப் பகுதிகளில் எஸ்கோபார் ஸ்டிக்கர் ஆல்பம் கடைகளில் விற்றது, சிறுவர்கள் வாங்கி ஒட்டிச் சேர்த்தார்கள். பாதிக்கப்பட்டவர்களே எடுத்த படத்திலும் குழந்தைகளின் கண் போய் நின்றது அந்த மீசை முகத்தின் மேல். பல மணி நேரம் ஒருவனையே நடுவில் நிறுத்தினால் என்ன எழுதி வைத்தாலும் அவன் நாயகனாகிவிடுகிறான். இதற்கு என்னிடம் தீர்வு இல்லை. ஆனால் விமர்சனம் எழுதுகிறவர்கள் இதைப் பேசாமல் விடக்கூடாது.

மெடெயின் நகராட்சி தன் பங்குக்கு ஒன்றைச் செய்தது. எஸ்கோபார் குடும்பம் வாழ்ந்த மோனாகோ கட்டடத்தைச் சுற்றுலாப் பயணிகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். 2019 பிப்ரவரி 22 அன்று அதை வெடிவைத்துத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தில் கொல்லப்பட்டவர்களுக்கு நினைவுப் பூங்கா அமைத்தார்கள். 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம், ‘பாப்லோ எஸ்கோபார்’ என்ற பெயரை வணிக முத்திரையாகப் பதிய மறுத்தது சரி என்று தீர்ப்பளித்தது.

நம் வீடுகளுக்கு ஒரு குறிப்பு. இந்தியாவில் 2021 விதிகளின்படி ஓடிடி நிறுவனங்கள் ஒவ்வொரு தொடருக்கும் வயதுத் தரம் குறிப்பிட வேண்டும், 13 வயதும் அதற்கு மேலும் குறித்த தரங்களுக்குப் பூட்டு வசதி தர வேண்டும். வசதி இருக்கிறது, போடுவதில்தான் தவறு நடக்கிறது. பெற்றோர் குழந்தைக்குத் தனி ப்ரொஃபைல் திறந்து தந்துவிட்டு, தங்கள் ப்ரொஃபைலைப் பூட்டாமல் விடுகிறார்கள். பிள்ளை ரிமோட்டில் ஒரு பொத்தானை நகர்த்தி அதற்குள் போய்விடும். கணக்குப் பக்கத்துக்குள் போய், பெரியவர்களின் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் நான்கு இலக்க எண் போட வேண்டும். பிள்ளையின் ப்ரொஃபைலில் வயதுத் தரத்தைக் குறைத்து வைப்பதோடு, வேண்டாத தொடரின் பெயரைத் தட்டச்சு செய்து தடுக்கவும் முடியும்.

தங்களிடம் கேட்பது சிறிய விஷயம். விமர்சனத்துக்குக் கீழே நடிகர், இயக்குநர், எத்தனை அத்தியாயம் என்று ஒரு கட்டம் போடுகிறீர்கள். உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்த தொடர் என்றால் அதே கட்டத்தில் இரண்டு வரி கூடுதலாகப் போடுங்கள்: எந்தப் பாத்திரம் கற்பனை, அந்தக் கதையில் உண்மையில் கொல்லப்பட்டவர்கள் யார் யார். ‘நார்கோஸ்’ பற்றி அடுத்த முறை எழுதும்போது லாரா போனியா, கானோ, கலான் என்ற மூன்று பெயர்களும், 1989 நவம்பர் 27 அன்று ஆவியான்கா விமானக் குண்டுவெடிப்பில் இறந்த 110 பேர் என்ற குறிப்பும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்