இரட்டைக் குதிரைச் சாரட்டுக்கு எந்தச் சேணம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த மாதம் ஜார்ஜ்டவுனில் ஒரு திருமணத்தில், மாப்பிள்ளை அழைப்புச் சாரட்டு மண்டப வாசலில் நின்றபோது, இடப்பக்கக் குதிரையின் தோள்முனையில் இருபது சென் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்து தோல் சிவந்திருப்பதைக் கண்டேன். பித்தளைக் குமிழ்கள் மின்னிய மார்புப்பட்டை அந்த இடத்திலேயே உரசிக்கொண்டிருந்தது. பந்தயக் குதிரை லாயத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவரின் மகனான எனக்கு அதைப் பார்த்தபின் விருந்து இறங்கவில்லை.

தைப்பூச வெள்ளி ரதத்தில் காளைகளைப் பூட்டுவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். காளை, திமிலுக்கு முன்னால் அமரும் நுகத்தடியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறது. திமில் இல்லாத குதிரையோ தோளாலும் மார்பாலும்தான் இழுக்க வேண்டும். பாரமான வண்டிக்கு, மெத்தை வைத்துத் தைத்த கழுத்து வளையமே ஏற்றது. பாரம் இரு தோள்களிலும் பரவும். ஆனால், வளையத்தின் அடியில் தொண்டைக்கும் அதற்கும் இடையே உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். ஒரே குதிரை இளைத்தாலோ பெருத்தாலோகூட அளவு தவறிவிடும் என்பதால், ஜோடியில் ஒன்றின் வளையத்தை மற்றொன்றுக்கு மாட்டுவது கூடாது.

சமதளமான நகரச் சாலையில் செல்லும் இலகுவான சாரட்டுக்கு, கூட்டிக் குறைக்கக்கூடிய அகலமான மார்புப்பட்டையையே நான் தேர்ந்தெடுப்பேன். அது தோள்முனைக்கு மேலாகவும் கழுத்தடியில் மூச்சுக்குழல் மார்புக்குள் இறங்கும் இடத்துக்குக் கீழாகவும் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பட்டையிலிருந்து வண்டிக்குச் செல்லும் இழுவை வார்களை வண்டியோடு இறுகக் கட்டாமல், நடு ஆணியில் முன்னும் பின்னும் ஆடும் குறுக்குக் கட்டையில் கட்டுவது. குதிரையின் தோள்கள் மாறி மாறி முன்னே செல்வதால், கட்டை ஆடாவிட்டால் ஒவ்வோர் அடிக்கும் பட்டை தோலைத் தேய்க்கும். நான் கண்ட சாரட்டில் வார்கள் அசையாத சட்டத்தில்தான் கட்டப்பட்டிருந்தன.

இரட்டைக் குதிரை வண்டிக்கு, இரு குதிரைகளுக்கும் நடுவே முன்னோக்கி நீளும் ஒரே ஏர்க்கால்தான். நிறுத்தும்போது வண்டியின் பாரம், ஏர்க்கால் நுனியிலிருந்து வரும் வார் வழியாக, மார்புப்பட்டையைத் தாங்கும் மெல்லிய கழுத்துவாரின் மேல் விழுகிறது. எனவே பிரேக் இல்லாத வண்டியை, பின்தொடையைச் சுற்றிவரும் பட்டை இல்லாமல் சரிவான சாலையில் இறக்கக் கூடாது.

திருமண வீட்டார் முன்பணம் கொடுக்கும் முன், சேணத்தின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டுகிறேன். வியர்வை உப்பு காய்ந்து சொரசொரப்பாக இருந்தால், அந்தச் சாரட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பினாங்கு