பெண் ஆளுமைகள் சிறார் நூல்வரிசை: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சிறுமிகள் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்க பெண்களைப் பற்றிய நூல்வரிசைப் பணி நிறைவுற்றது. மொத்தம் 12 நூல்கள். 6 முதல் 8 வயதினருக்கு 5, 9 முதல் 12 வயதினருக்கு 7. வரவு செலவுக் கணக்கு தனித் தாளில் உள்ளது. நூல்கள் எப்படி உருவாயின, எங்கே இடறின, மறுபதிப்பில் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இங்கே தருகிறோம்.

முதல் பெயர்ப்பட்டியலில் ஏறக்குறைய எல்லாமே ‘முதல் பெண்’ என்ற தகுதியில் வந்தவை. அந்தத் தகுதியை மட்டும் சொன்னால், அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்றுதான் சிறுமிக்குப் படும். அவர் செய்த வேலையைச் சொன்னால் தானும் செய்து பார்க்கத் தோன்றும். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வியை வைத்தோம்: இவர் கைகளால் அன்றாடம் செய்த வேலை என்ன? விண்வெளிக்குப் போன முதல் பெண் வாலண்டினா தெரஷ்கோவா 1963 ஜூன் 16 அன்று போனார், பூமியை 48 முறை சுற்றினார் என்பதோடு நின்றால் போதாது. அவர் ஆலைத் தொழிலாளி. ஓய்வு நேரத்தில் பாராசூட்டில் குதித்துப் பழகியவர். அவர் போன வஸ்தோக் வகை விண்கலத்தில் போனவர்கள் தரையை நெருங்குமுன் கலத்தைவிட்டு வெளியேறித் தனியாகப் பாராசூட்டில்தான் இறங்க வேண்டும். அவர் தேர்வானதற்கு அந்தப் பழக்கம் முக்கியக் காரணம். இதைப் படிக்கும் குழந்தைக்கு ஒரு வழி கண்ணில் படுகிறது.

இங்கிலாந்தின் கடற்கரையில் புதைபடிவம் தேடி எடுத்த மேரி ஆனிங் பற்றிய நூலில் இந்த முறை நன்றாகக் கைகொடுத்தது. குளிர்காலப் புயலில் கடலோரப் பாறைச்சரிவு இடிந்து விழும்போதுதான் புதைபடிவங்கள் வெளியே தெரியும். அடுத்த அலைகள் அடித்துப் போகுமுன் எடுத்தாக வேண்டும். சுத்தியல், உளி, கூடை மூன்றும் எல்லாப் படங்களிலும் இருக்கின்றன. 1811இல் இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் மண்டையோட்டை முதலில் கண்டவர் அண்ணன் ஜோசப். மற்ற எலும்புகளைத் தேடிக் கண்டவர் மேரி. அண்ணனை விட்டுவிடலாம் என்ற யோசனை வந்தது, ஏற்கவில்லை. பின்னாளில் வேறிடத்தில் உண்மையைப் படிக்கும் சிறுமி, மேரி செய்ததையும் சேர்த்துச் சந்தேகிப்பாள்.

திருத்தத்தில் அதிகம் அடிபட்டவை பெயரடைகள். ‘துணிச்சல்மிக்க’, ‘மகத்தான’, ‘ஒப்பற்ற’ ஆகியவற்றை நீக்கிக் கிடைத்த இடத்தில் செயலை வைத்தோம். மேரி கியூரி ஒழுகும் கொட்டகையில் இரும்புக் கம்பியால் தாதுக் கழிவைக் கிளறியதும், டன் கணக்கான கழிவிலிருந்து 1902இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு பிரித்ததும் அப்படி வந்தவையே. ஓவியத்தில் வெள்ளை மேலங்கியும் பளபளக்கும் ஆய்வகமும் வந்திருந்தன. திரும்ப வரையச் செய்தோம். ரேடியத்தின் ஒளியைக் காட்டும் பக்கத்திலேயே அதன் ஆபத்து அன்று தெரியாது என்பதையும் சேர்த்தோம். அது இல்லாவிட்டால் ஒளிர்வதெல்லாம் நல்லது என்று குழந்தை எடுத்துக்கொள்ளும்.

ரோசா பார்க்ஸை ‘களைத்துப்போன தையற்காரப் பெண்’ என்று எழுதும் வழக்கம் பரவலாக உண்டு. 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், வெள்ளையருக்கு இடம்விட்டுப் பேருந்தில் எழ மறுத்தபோது அவருக்கு 42 வயது. அதற்கு முன்பே பல ஆண்டுகள் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பில் செயலாளராக உழைத்தவர். அதே ஆண்டு மார்ச்சில், அதே நகரில், 15 வயது கிளாடெட் கால்வின் எழ மறுத்துக் கைதானார். வாசிக்கும் சிறுமிக்கு அவர் வயதில் இன்னும் நெருக்கம். இரண்டு பக்கம் அவருக்கு ஒதுக்கினோம். பார்வையும் கேட்கும் திறனும் இழந்த ஹெலன் கெல்லரின் நூல், கையில் நீர் விழ, சொல்லுக்குப் பொருள் உண்டு என்று அவர் உணர்ந்த தண்ணீர்க் குழாயடியோடு முடியக்கூடாது என்றும் தீர்மானித்தோம். அப்போது அவருக்கு வயது 6. அவர் வாழ்ந்தது 87 வயதுவரை.

ஔவையார் நூலே கடினமாக இருந்தது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன சங்கப் புலவரும் ஆத்திசூடி தந்த ஔவையாரும் வெவ்வேறு காலத்தவர். சிறார் நூல்களில் இருவரும் ஒரே பாட்டியாகிவிடுகிறார்கள். இரண்டு பகுதியாகப் பிரித்தோம். சங்கப் புலவருக்கு நரைமுடியும் கோலும் வரையவில்லை.

பெண்களுக்குப் படிப்பு மறுக்கப்பட்டது என்றே முதல் வரைவுகள் தொடங்கின. அந்தத் தடையைக் கேள்விப்பட்டே இராத ஆறு வயதுக் குழந்தைக்கு முதல் பக்கமே அதைக் கற்பித்துவிடும். ஆகவே சிறுவயதினர் நூல்களில் வேலை முன்னே வரும், தடை 10ஆம் பக்கத்துக்குப் பிறகுதான்.

‘அவள்’, ‘அவர்’ சிக்கலை எளிதாக எண்ண வேண்டாம். குழந்தைப் பருவத்துக்கு ‘அவள்’, ‘அவன்’; வளர்ந்தபின் எல்லோருக்கும் ‘அவர்’ என்பது விதி. அப்படியும் கியூரி நூலின் மெய்ப்பில் ஒரே பக்கத்தில் கணவர் பியர் ‘அவர்’ ஆகவும் மேரி ‘அவள்’ ஆகவும் இருந்தார்கள். கணவர், அண்ணன், ஆசிரியர் வரும் பக்கங்களை இதற்காகவே தனியாக ஒருமுறை படிக்க வேண்டும்.

ஒவ்வொரு நூலும் 32 பக்கம்: முகப்பும் விவரமும் 4, கதை 24, காலவரிசை, சொல்விளக்கம், செய்துபார் பகுதி 4. சிறியவர்களுக்கு 18 புள்ளி எழுத்து, ஏறத்தாழ 500 சொற்கள். பெரியவர்களுக்கு 14 புள்ளி, 2,500 சொற்கள். வரிகளை இடது ஓரத்தில் மட்டும் சீராக்கினோம். இருபுறமும் சீராக்கினால் நீண்ட தமிழ்ச் சொற்களால் வரிக்குள் பெரிய இடைவெளி விழும். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபோது ‘ஔவை’யின் ‘ஔ’ பல இடங்களில் ‘ஒ’, ‘ள’ என இரண்டு எழுத்தாகிவிட்டது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். தேடினால் கிடைக்காது, வாசிப்பு மென்பொருள் தவறாக உச்சரிக்கும்.

அட்டை 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), உள்தாள் 120. இந்தக் கன அட்டையை மடிப்புக்கோடு போடாமல் மடித்தால் முதுகில் மை வெடிக்கும். தாளின் இழையும் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். நடுவில் பின் அடிக்கும் நூலில் உள்பக்கங்கள் வெளியே தள்ளும் என்பதால் வெட்டு விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளேயே எழுத்தை நிறுத்தினோம். மாதிரிப் படியில் பக்க எண் பாதி வெட்டுப்பட்ட பிறகே இது நமக்கு உறைத்தது.

அச்சுக்கு முன் குழந்தைகளிடம் படிக்கக் கொடுத்து, நூலை மூடியபின் ‘இவர் என்ன செய்தார்?’ என்று கேட்டோம். ‘தைரியசாலி’, ‘நல்லவர்’ என்று மட்டும் பதில் வந்த இரண்டு நூல்களைத் திரும்ப எழுதினோம். சிறுவர்களிடமும் கொடுத்தோம், தனி மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

நூலகப் பொறுப்பாளர்கள் இவற்றைப் ‘பெண்கள் பகுதி’ என்று தனி அடுக்கில் ஒதுக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் இரண்டு படி வரும். ஒன்றை, டூயி நூலகப் பகுப்பு எண்களில் வாழ்க்கை வரலாற்றுக்குரிய 920இல் வையுங்கள். மற்றொன்றைத் துறையோடு சேருங்கள்: ஆனிங் 560இல் புதைபடிவங்களோடு, தெரஷ்கோவா 629.4இல் விண்கலங்களோடு.