மகனுக்கு, ஆரையம்பதியிலிருந்து

ஆரையம்பதி
செப்டெம்பர்

அன்புள்ள மகன்,

நீ அனுப்பிய காசு வந்தது. முதலில் கிணற்று மோட்டரைத் திருத்தினேன், கூரை மழைக்கு முன்னம் பார்க்கலாம். முழங்கால் பரவாயில்லை. அக்கா பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனாள். சின்னவனுக்கு அப்படியே உன் நெற்றி. மற்றபடி எல்லோரும் சுகம்.

நீ சுகமா என்று கேட்டால் "ம்" என்கிறாய். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, உடனே வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். சாப்பாட்டைக் கவனி. இரவில் போனைத் தூர வைத்துவிட்டு நித்திரை கொள். நான் இங்கே காலைத் தேத்தண்ணி வைக்கும்போது உனக்கு விடியப்புறம் இரண்டரை மணி. அந்த நேரத்தில் முகநூலில் என்ன எழுத்து? அப்பாவுக்கும் இப்படித்தான் இரத்த அழுத்தம் தொடங்கியது.

உன்னோடு அறையில் இருந்த, பக்கத்து ஊர்க் காத்தான்குடிப் பிள்ளை எப்படி இருக்கிறான்? முந்தி போன் எடுத்தால் அவன் குரல் பின்னால் கேட்கும், "உம்மா, உங்கள் மகன் சமைக்க மாட்டேன் என்கிறான்" என்று கத்துவான். அப்பா செத்த அன்று உனக்கு டிக்கெட் போட்டு, விமான நிலையம் வரை கொண்டுவந்து விட்டது அவன்தான். இப்போது அவன் பேச்சையே காணோம். வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டானா?

சரி. சத்துருக்கொண்டான் பற்றி நீ எழுதியதை அக்கா மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். நல்லாக எழுதியிருக்கிறாய், மகன். எனக்குப் பெருமைதான். 1990 செப்டெம்பர் 9 இரவு சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி என்று நாலு ஊர்ச் சனத்தையும் வீடு வீடாக எழுப்பி, கூட்டம் என்று சொல்லி ஆமி முகாமுக்கு நடத்திக்கொண்டு போனதையும், 184 பேர் திரும்பி வராததையும், காயத்தோடு தப்பி வந்த ஒருவரால்தான் அது வெளியே தெரிந்ததையும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறாய். அதற்கு நாலு நாள் முந்தி, செப்டெம்பர் 5 அன்று, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதியாக இருந்த சனத்திலிருந்து 158 பேரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதையும் விடவில்லை. அந்த மாதம்தான் சின்ன மாமாவும் மில்லுக்குப் போனவர் வரவில்லை. அம்மம்மா சாகும்வரை கேற்றைப் பூட்டவிடவில்லை, உனக்குத் தெரியும்.

கடைசிப் பந்தி வந்ததும் அக்கா மகள் நிறுத்திவிட்டாள். "அம்மம்மா, இதற்கு மேல் வேண்டாம்" என்றாள். வாசி என்றேன். இதைச் செய்தவர்களின் பிள்ளைகளோடு இனி ஒரு மேசையில் இருந்து சாப்பிட மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே எத்தனையோ பேர் கைதட்டி இருக்கிறார்களாம். அந்தக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் அந்த வருசம் இங்கே இருந்தார்கள்?

நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய். உனக்கு அந்த வருசம் கேள்விப்பட்டதுதான். எனக்கு அப்படியில்லை. ஆகையால் நான் சொல்வதைக் கேள், இடையில் வைத்துவிட்டுப் போகாதே.

மார்ச்சில் இந்திய ஆமி திருகோணமலையில் கப்பல் ஏறியது. அப்போது சண்டை இல்லை, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது, இனிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று இருந்தோம். ஜூன் 11 அன்று எல்லாம் முடிந்தது. இயக்கம், புலிகள்தான், கிழக்கில் பொலிஸ் நிலையங்களைப் பிடித்தது. கொழும்பு சொல்லிச் சரணடைந்த பொலிஸ்காரர் நூற்றுக்கணக்கில் சுடப்பட்டார்கள். சிங்களவரும் முஸ்லிம்களும் அதில். பிறகு ஆமி வந்தது. இளந்தாரிகள் எல்லாம் காட்டுக்குள்ளும் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்கும் ஓடினார்கள். நாங்களும் மண்முனைத் துறையால் தோணியில் போய் வந்தோம். 2014இல் பாலம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தத் துறையே தெரியாது.

ஜூலையில் குருக்கள்மடம். கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம் சனத்தை அங்கே மறித்து இறக்கினார்கள். ஹஜ் முடித்து வந்தவர்களும் அதற்குள் இருந்தார்கள். எங்கள் ஊரைத் தாண்டித்தான் அவர்கள் வீடு போய்ச் சேர வேண்டும். அவர்கள் எங்கள் ஊரைத் தாண்டவேயில்லை.

ஆகஸ்ட் 3 வெள்ளிக்கிழமை. இரவு, இஷாத் தொழுகை நேரம். காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுசைனியாப் பள்ளியிலும் குனிந்து தொழுதுகொண்டிருந்தவர்களைப் பின்னால் நின்று சுட்டார்கள். நூற்றுக்கு மேல் மையித்து. தகப்பனோடு தொழப் போன சின்னப் பையன்களும் அதில். சுட்டது யார் என்று உனக்குத் தெரியும். இயக்கம் நாங்கள் இல்லை என்று சொன்னது. எங்கள் ஊரில் அதை நம்பிய ஒருவரையும் நான் காணவில்லை. அடுத்த கிழமை ஏறாவூர். அங்கே வீட்டுக்குள் படுத்திருந்தவர்கள், பெண்கள், கைப்பிள்ளைகள், அதுவும் நூற்றுக்கு மேல்.

அது முடிய, அம்பாறைப் பக்கம் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் இருந்த எங்கள் தமிழ்ச் சனத்தை வெட்டினார்கள். அந்த நாட்களில்தான் அரசாங்கம் முஸ்லிம் ஊர்களில் ஊர்காவல் படை என்று துப்பாக்கி கொடுத்தது. மையித்து அடக்கிய கை காயாத ஆட்களிடம் ஆயுதத்தைக் கொடுத்து, பக்கத்து ஊரைக் காட்டிவிட்டார்கள். கொடுத்தவர்களுக்கு என்ன நடக்கும் என்று தெரியாதா? சத்துருக்கொண்டானுக்குச் சீருடைக்காரரோடு அவர்களும் வந்தார்கள் என்று சனம் சொன்னது. நான் அதை மறைக்கச் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் கூடைப்பந்து பழக்கிய ஹேபியர் பாதரையும் நீ எழுதவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்து வாழ்நாள் முழுக்கக் கிழக்கிலேயே கிடந்த மனிசன். வாழைச்சேனையில் இரண்டு பக்கமும் வெட்டிக்கொள்ள, அங்கே சிக்கிய சனத்துக்கு உதவப் போனார். ஆகஸ்ட் 15 அன்று ஸ்கூட்டரில் ஒரு பொடியனையும் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குத் திரும்பினவர் வந்து சேரவேயில்லை. ஸ்கூட்டரும் இல்லை. அப்பா அதற்குப் பிறகு பந்தைக் கையால் தொடவில்லை.

ஒக்டோபரில் வடக்கு. அங்கே முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் போ என்று சொன்னது. யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். வடக்கு முழுக்க 70,000க்கு மேல் சனம் வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புத்தளம் பக்கம் போனது. காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றி வாங்கினார்கள் என்று போனவர்கள் சொல்லி அழுதார்கள்.

இதுதான் 1990. இதில் செப்டெம்பரை மட்டும் நீ எடுத்திருக்கிறாய். நீ எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் மற்ற மாதங்களை விட்டுவிட்டு அதை மட்டும் சொன்னால், கேட்கிற பிள்ளை என்ன நினைக்கும்? சோனகன் சும்மா இருந்த எங்களை வந்து வெட்டினான் என்றுதானே? காத்தான்குடியிலும் ஆகஸ்டை மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்துக்குக் குண்டோடு போனவனை அனுப்பிய சஹ்ரான் அந்த ஊர்க்காரன்தான். ஞாயிறு பள்ளி முடித்து முற்றத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தைகளை அவர்கள் கொன்றார்கள். அதைக் கேட்டு நானும் நாட்கணக்கில் சோறு தின்னவில்லை. நீ அன்றிலிருந்துதான் மாறினாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சஹ்ரானைப் பற்றி முதலில் பொலிஸுக்குப் போய்ச் சொன்னதும் காத்தான்குடி முஸ்லிம்கள்தான். அவனிடம் அடி வாங்கியவர்களும் அவர்களேதான். அதை நீ எழுதினாயா?

சாப்பிட்டாயா என்று கேட்க மறந்துவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. அந்தப் போனைத் தூர வை.

அம்மம்மாவின் தறியைப் பற்றி உனக்குச் சொன்னேனோ தெரியாது. பின் விறாந்தையில், இப்போது நெல் மூட்டை அடுக்கியிருக்கும் இடத்தில் கிடந்தது. காத்தான்குடி முதலாளி ஒருவர் நூல் தருவார், சாரன் நெய்து கொடுத்தால் கூலி. ஆரையம்பதியில் பாதி வீட்டில் அப்படித்தான் அடுப்பு எரிந்தது. அந்த ஆகஸ்டில் தறியில் ஒரு பாவு ஏறியிருந்தது. கத்தரிப்பூ நிறம், வெள்ளைக் கட்டம். அரைவாசி நெய்தபடி நின்றது. பாதை அடைத்துவிட்டது, முதலாளி இருக்கிறாரா செத்தாரா தெரியாது. அறுத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்போம் என்று மாமி கேட்டா. நூல் அந்த மனிசனுடையது, கை வைக்காதே என்று அம்மம்மா சொன்னா. படுவான்கரைக்கு ஓடும்போதும் தறிக்கு மேலே பாயைப் போட்டு மூடிவிட்டு ஓடினோம். அடுத்த வருசம் பாதை திறந்த பிறகு அவர் சைக்கிளில் வந்தார், மெலிந்து, தாடி நரைத்து. இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒன்றும் கேட்கவில்லை. நெய்து முடித்த துணியை அம்மம்மா மடித்துக் கொடுத்தா, அவர் கூலியை எண்ணி வைத்தார். மகன், சின்ன மாமா காணாமல் போய் அப்போது ஒரு வருசம்கூட ஆகவில்லை. அந்தக் கூலியில்தான் உனக்கு ஏடு தொடக்கினோம்.

இதையெல்லாம் நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நான் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற கதையா இது?

போன கிழமை டவுனுக்குப் போனேன். காத்தான்குடி நடுவீதியில் பேரீச்சமரம் எல்லாம் காய்த்துக் கிடக்கிறது. பஸ்ஸில் அந்தப் பிள்ளையின் உம்மா ஏறினா. என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்துதான் இருந்தா, எப்போதும் போல. ஆனால் மகனைப் பற்றிக் கேட்டேன், வாய் திறக்கவில்லை. இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் மகனுக்கு என் பிள்ளை என்ன பிழை செய்தான், டீச்சர்?" என்று கேட்டா. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏதோ கடைக்கு மேலே ஒரு அறையில் படுக்கிறானாம். நான் என்ன சொல்வது? என்னிடம் படித்த பிள்ளை அவ. பஸ்ஸுக்குள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் சொன்னா. ஹுசைனியாப் பள்ளிக்கு அன்று போன அவவுடைய தம்பிக்கு வயது பதினொன்று. நான் நீண்ட காலமாக அறிந்ததுதான். உன்னோடு இத்தனை வருசம் ஒரு சட்டியில் தின்ற அந்தப் பையன் அதை உனக்கு ஒரு நாளும் சொல்லவில்லை என்று இப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. சொன்னால் உனக்குச் சங்கடமாக இருக்கும் என்று உம்மா சொல்லி அனுப்பினாவாம். நீ சின்ன மாமாவைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவன் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

எழுதியதை அழி என்று நான் கேட்கவில்லை. அந்த 184 பேருக்கும் எழுத ஆள் வேண்டும். அந்த வருசத்தில் நடந்த ஒன்றுக்கும் இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை, எழுதாவிட்டால் அதுவும் போய்விடும். நீ எழுதக் கூடியவன். கடைசிப் பந்தியை மட்டும் எடு. அந்த இடத்தில் ஆகஸ்டை எழுது. ஊர்ப் பெயர்களோடு, நாள்களோடு, செப்டெம்பரை எழுதின மாதிரியே எழுது. மீரா பள்ளிச் சுவரில் சூட்டு ஓட்டைகளைப் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், அடுத்த முறை வரும்போது கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். கைதட்டுகிறவர்கள் ஏசுவார்கள். ஏசட்டும். உன்னைத் துரோகி என்பார்கள். அதற்கும் பயப்படாதே, இந்த ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டும் பேசியவர்கள் இருந்தார்கள்.

அப்பாவின் ஆட்டைத் திவசம் ஐப்பசியில் வருகிறது. வர ஏலாவிட்டால் பரவாயில்லை, அங்கே கோயிலில் ஒரு மோட்ச விளக்கு ஏற்று. குளிர் தொடங்கப் போகிறது, காதை மூடிக்கொண்டு போ. நித்திரை கொள்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே மாலை ஆறு மணிக்கு எடு, உனக்கு மத்தியானம் ஒன்றரை. அதற்கு முன் அவனுக்கு எடு. அவன் எடுக்காவிட்டால் அந்தக் கடையைத் தேடிப் போ, முகவரியை அவன் உம்மாவிடம் வாங்கி அக்கா உனக்கு அனுப்புவாள்.

அன்புடன்,
அம்மா